வாசல்காத்தாளின் பலவீனம்

பெருமாநல்லூர்
12.11.2007

கண்ணு தேவிப்பிரியாவுக்கு, அப்பா வெள்ளியங்கிரி எழுதுவது.

இங்கே நானும் என் முழங்காலும் ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கடைசியில் மறந்துபோவேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். என் சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. ஆனால் நீ மாதவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெங்களூர் போன மறுநாள், உன் அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்ச் சூடம் ஏற்றி, "இனி அவகூடப் பேசமாட்டேன்னு சொல்லி அணைங்க" என்றாள். அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அவளும் ஒன்றை அணைத்தாள். என்ன சொல்லி அணைத்தாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கையை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு இவ்வளவு சட்டம் தெரிந்ததே பெரிது. ஆனாலும் அம்மன் அவ்வளவு ஏமாளி இல்லை. அதனால் ஒரு கட்டுப்பாடு. ஊட்டு விஷயம், அதாவது நம் குடும்ப விஷயம், எழுதமாட்டேன், நீயும் எழுதாதே. உன் கல்யாணம், உன் அம்மா, எங்கள் கோபம், எதுவும் கூடாது. உடம்பை விசாரிக்கலாம், அதை யாரும் யாரிடமும் கேட்பதுதான். மற்றபடி வேலை சம்பந்தமாக ஏதாவது இருந்தால் எழுது. எனக்கு வேலை பனியன் செக்கிங் என்று உனக்குத் தெரியும். உனக்கு என்ன வேலை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஊட்டுக்கு எழுதாதே. கம்பெனி விலாசத்துக்கு எழுது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
அப்பா

*

பெங்களூர்
25.11.2007

அப்பாவுக்கு, தேவியின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறீர்களா, அல்லது தேய்த்ததாகச் சொல்லிக்கொள்கிறீர்களா?

என் வேலையும் செக்கிங்தான், பனியனுக்குப் பதில் கம்ப்யூட்டர் புரோகிராம். அதைப் பற்றி எழுதினால் இருவருக்கும் தூக்கம் வந்துவிடும். வேறு ஒன்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறோம். ஒருவர் கதை சொல்ல வேண்டும், அது நான். மற்றவர்கள் வீரன், திருடி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். "நான் குகைக்குள் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். சண்டை வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவோம். இப்போது சொந்தமாக ஒரு புத்தகம் தயாரிக்கிறோம். கதையில் வரும் மாயப் பொருட்கள், பிராணிகள் எல்லாவற்றையும் நாங்களே உண்டாக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றுவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்காக இருக்கிறது. தீ கக்கும் நாகம், பேசும் கத்தி.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அனுப்புங்கள். இரண்டே விதிதான். மாயப் பொருள் என்றால் அதற்கு ஒரு குறை இருக்க வேண்டும். பிராணி என்றால் ஒரு பலவீனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் நகராது.

இதில் ஊட்டு விஷயம் எதுவும் இல்லைங்கப்பா.

வெயிலில் நிற்காதீர்கள்.
தேவி

*

பெருமாநல்லூர்
9.12.2007

கண்ணு தேவிக்கு, அப்பா.

எண்ணெய் தேய்த்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? பெங்களூர்க் குளிருக்குச் சூடாகச் சாப்பிடு.

உன் விளையாட்டை அயர்ன் மாஸ்டர் லிங்கசாமியிடம் சொன்னேன். "கடைசியில யாருங்க ஜெயிப்பாங்க?" என்றான். யாரும் ஜெயிப்பதில்லை, கதை போய்க்கொண்டே இருக்கும் என்றேன். "நம்ம கம்பெனி மாதிரிங்களா" என்றான்.

மாயப் பொருளுக்குக் குறை வேண்டும் என்கிறாய். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. இதோ முதல் பீஸ்.

பெயர் மறைசட்டை. போட்டால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். குறை என்னவென்றால், துணிக்குத்தான் மந்திரம் போட்டிருக்கிறது, தையல் நூல் லோக்கல். ஆகவே ஆள் மறைந்துவிடுவான், ஓரம் அடித்த ஓவர்லாக் தையல் மட்டும் நடந்து போகும். லார்ஜ் போட வேண்டியவன் மீடியம் போட்டால் வயிறும் தெரியும். லிங்கசாமிக்கு ஒரு சந்தேகம்: "அப்ப உள்ளாற போட்ட ஜட்டி எலாஸ்டிக்குங்க?" அதை நீ முடிவு செய்.

எங்கள் டேபிள் நடைமுறை ஒன்று சொல்லிவிடுகிறேன். டேமேஜ் பீஸ் வந்தால் கோளாறு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டியவர்தான் அதை உரிக்க வேண்டும். வேறு ஆள் கை வைத்தால் நான் கத்துவேன். நீ உண்டாக்கும் பொருளையும் தனித்தாளில் எழுதி அனுப்பு. பார்த்து, தேவையானால் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.
அப்பா

*

பெங்களூர்
30.12.2007

அப்பாவுக்கு வணக்கம். குளிர் பழகிவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருமல் வரும் மாதம் இது, ஜாக்கிரதை.

மறைசட்டை பெரிய வெற்றி. என்னுடன் வேலை செய்யும் அனுசுயாதான் கதையில் திருடி. அதைப் போட்டுக்கொண்டு அரண்மனைக்குள் போனாள். காவல்காரன், "மகாராஜா, நாலு கோடு நடந்து வருது" என்று கத்தினான். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவருக்குக் கன்னடத்தில் சொல்லிப் புரியவைக்க எங்களால் முடியவில்லை.

இங்கே இருக்கும் இன்னொருவர் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அது ஊட்டு விஷயத்தில் சேரும் என்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள்.

இப்போது பிராணிகள் வேண்டும். பலவீனத்தை மறக்காதீர்கள்.

தேவி

*

பெருமாநல்லூர்
20.1.2008

கண்ணு தேவிக்கு, அப்பா.

இருமல் வந்தது, போனது. பொங்கல் எப்படிப் போனது என்று எழுதுவது எந்த விஷயத்தில் சேரும் என்று தெரியாததால் விட்டுவிட்டேன். நீ விடச் சொன்ன வரியை விடவில்லை, படித்தேன்.

பிராணி ஒன்று: சாயப்பூதம். ஆற்றில் இருக்கும். அன்றைக்குச் சாயப்பட்டறையில் எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம். திங்கட்கிழமை பச்சை என்றால் செவ்வாய்க்கிழமை கத்தரிப்பூ. பலவீனம், வெள்ளை ஆர்டர் வந்தால் பட்டினி.

பிராணி இரண்டு: வாசல்காத்தாள். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கச் சாதாரணப் பெண்பிள்ளை மாதிரிதான் இருக்கும். அடிக்கமாட்டாள், கடிக்கமாட்டாள். அதிகம் பேசவும் மாட்டாள். சாயங்காலமானால் உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைப்பாள். ஒன்றையே பார்ப்பாள். அப்புறம் அதைத் திரும்ப எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவள் செய்வது அவ்வளவுதான். ஆனால் அந்த வாசலை யாராலும் தாண்ட முடியாது.

பலவீனம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கூடவே இருந்து பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் நிரப்பிக்கொள்.

இது யாரையும் குறிப்பது அல்ல. பிராணி.

உடம்பு பத்திரம்.
அப்பா

*

பெங்களூர்
24.2.2008

அப்பாவுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் தலைசுற்றுகிறது, சாப்பாட்டு வாசனை பிடிக்கவில்லை. மற்றபடி நலம். நீங்கள் எப்படி?

வாசல்காத்தாளிடம் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீரன் கத்தியை ஓங்கினான். கத்தி பட்டுக் கொட்டிவிடாதபடி அவள் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். மந்திரவாதி தூங்கவைக்கும் மந்திரம் போட்டான். அவள் தூங்காமல் இருந்து பழக்கப்பட்டவள் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் எல்லோரும் வெளியே வரிசையாக நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் பதில் சொல்வாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் நானும் சொல்ல வைக்கவில்லை.

நானே உண்டாக்கிய பொருள் ஒன்றைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை. கொஞ்சம் அவசரம்தான்.

தேவி

(தனித்தாள்)

பொருள்: அகல்.
ஒருவர் தன் உடம்புக்குள் வைத்துச் சுமக்கும் விளக்கு. முதலில் வெளியே தெரியாது, போகப்போகத் தெரியும். எடை மாதாமாதம் கூடும். ஆவணி வரை வெளியே எடுக்க முடியாது. சுமப்பவருக்குப் புளிப்பு மாங்காய் தவிர எதுவும் பிடிக்காது. முதல் விளக்கு என்றால், அது ஏற்றப்படும்போது சுமப்பவர் தாய்வீட்டில் இருப்பது வழக்கம்.
குறை: எனக்குத் தெரியவில்லை. அப்பா பார்த்து நிரப்பவும்.

*

பெருமாநல்லூர்
3.3.2008

கண்ணு தேவிக்கு, அப்பா.

தலைசுற்றல் பித்தம்தான். கறிவேப்பிலையைத் துவையல் அரைத்துச் சாப்பிடு. எனக்கும் போன மாதம் சுற்றியது, ஆனால் அது ஓனரைப் பார்த்ததால்.

அகல் பார்த்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதே, இது தேறாது. வரிசையாகச் சொல்கிறேன். விளக்கு என்றால் வெளிச்சம் வர வேண்டும். உள்ளேயே இருந்தால் யாருக்கு லாபம்? எடை கூடிக்கொண்டே போனால் உன் வீரன் எப்படி மலை ஏறுவான்? புளிப்பு மாங்காய்க்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று லிங்கசாமிக்கும் தெரியவில்லை. தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பது ரொம்பக் கஷ்டமான கண்டிஷன். தாய்வீடு போக முடியாதவர் இதை எடுத்தால் என்ன செய்வார்? ஆட்டம் அங்கேயே நின்றுவிடாதா? அதை எடுத்துவிடு.

மொத்தத்தில் சுமக்கிறவருக்குத் தொல்லை. ரிஜக்ட். குறை என்று நீ எழுதிய இடத்திலேயே சிவப்பு அம்பு ஒட்டி, தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். வருத்தப்படாதே, அடுத்த பீஸ் நன்றாக வரும்.

துவையலை மறக்காதே.
அப்பா

*

பெருமாநல்லூர்
6.4.2008

கண்ணு தேவிக்கு, அப்பா.

தலைசுற்றல் நின்றதா? பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

இங்கே கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. அதை வைத்து ஒரு பிராணி. பெயர் கரண்டுண்ணி. கம்பத்தில் தொங்கும். ஷிப்மெண்ட் இருக்கும் நாள் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும், அன்றைக்குத்தான் பசிக்கும். பலவீனம், ஜெனரேட்டர் புகை. அதுவும் டீசல் போட்டிருந்தால்தான்.

பிடிக்காவிட்டால் நீயும் அம்பு ஒட்டலாம். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

அப்பா

*

பெருமாநல்லூர்
4.5.2008

கண்ணு தேவிக்கு, அப்பா.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தமுறை முதல் வரி, நடு வரி, கடைசி வரி மூன்றிலும் கேட்கிறேன். ஒன்றுக்காவது பதில் எழுது.

போஸ்ட்மேன் கம்பெனிக்குள் வரும்போதெல்லாம் நான் கேட் பக்கம் போய் நிற்கிறேன். என்னைப் புது வாட்ச்மேன் என்று நினைத்து ஒரு லாரிக்காரன் டெலிவரி சலானை என் கையில் கொடுத்துவிட்டான். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

விளக்குக்கு அம்பு ஒட்டியதால் கோபமா? அது வேலை விஷயமாகச் சொன்னது.

இன்றைக்கு ஊட்டில் ஒருவர், யார் என்று எழுதக் கூடாது, சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, அந்த வெளக்குத் தாளுக்கு என்னன்னு எழுதினீங்க?" என்று கேட்டார். ரிஜக்ட் செய்துவிட்டேன் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தத் தாள் அவருக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்குள் எழுந்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கவனித்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் இதை ஒட்டிவிடுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது?
அப்பா

*

பெருமாநல்லூர்
5.5.2008

தேவிக்கு அம்மா மருதாள் எழுதறது.

இங்க எல்லாரும் இருக்கோம். நீ எப்படி இருக்கறேன்னு கேக்கலை, எனக்குத் தெரியும்.

உங்கப்பா சோத்துப் போசியைத் தெனமும் பையில இருந்து எடுத்துக் கழுவறவ நான். அந்தப் பைக்குள்ளயே உன் லெட்டரை வெச்சிக்கிட்டு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காரு. மொதல்ல இருந்து எல்லாம் படிச்சிருக்கறேன். சட்டைக்குச் சிரிச்சேன். வெளக்குத் தாள் வந்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது. இவராச் சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. மனசுக்குள்ள வெச்சிருக்கறாருன்னு நெனச்சேன். மண்டையிலயே ஏறலைன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது.

"ஆவணிக்கு என்ன வரும்னு எண்ணிப் பாருங்க"ன்னேன். வெரல்ல எண்ணினாரு. எண்ணி முடிச்சதும் எந்திரிச்சுப் போயி மோட்டார் ரூமுல உக்காந்துட்டாரு. கூப்பிட்டுட்டு வந்து, இந்தத் தாள்ல எடம் இருக்குது எழுதுங்கன்னு பேனாவைக் குடுத்தேன். புடிச்சிட்டே உக்காந்திருக்கறாரு. அதனால நானே மீதியையும் எழுதறேன்.

அந்த வாசல்ல உக்காந்திருக்கறவ யாருன்னு எனக்குத் தெரியும். உங்கப்பா எழுதினதுல அந்த ஒரு லெட்டர் மட்டும் ஒட்டறதுக்கு முன்னால என் கையில ஆம்புட்டுது, அதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்காரு. மூணாவது தட்டைத் திருப்பி எடுத்து வெக்கறது நெசம். ஆனா கழுவித்தான் வெக்கறேன். தூசி புடிச்ச தட்டுல யாரும் வந்து திங்க வேண்டாம்னு.

பலவீனம் எழுதாம உட்டுட்டாரு. அன்னைக்குச் சூடம் அணைக்கறப்ப இவரு கையை ஊதிட்டு இருந்தாரில்ல, அப்ப நான் சொன்னது இதுதான்: நானா அவளைக் கூப்பிட மாட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். உங்க ஆளுங்க வாசல்ல வரிசையா நின்னுட்டு வரலாமா, வரலாமான்னு கேட்டா அவ என்ன பண்ணுவா? வாங்கன்னு சொன்னா சத்தியம் போயிரும். சொல்லாம இருந்தா வேண்டாங்கறான்னு நெனப்பாங்க. கேக்காம உள்ள வந்தா யாரு தடுக்கறா? கதவை நான் தாழ் போடறதே இல்லை.

இது கூப்பிடற லெட்டர் இல்லை.

போன சந்தையில தட்டு இன்னொண்ணு வாங்கினேன். இப்ப நாலு இருக்குது.

வெறும் வயித்துல மாங்கா திங்காத சாமி.

அம்மா

*

பெங்களூர்
1.6.2008

அம்மாவுக்கும் அப்பாவுக்கும், தேவியும் மாதவனும் வணக்கத்துடன் எழுதுவது.

தலைசுற்றல் நின்றுவிட்டது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மாங்காய் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

அப்பாவின் மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், அந்தத் தாள் கண்ணில் படும், எழுந்துவிடுவேன்.

போன ஞாயிறு மறுபடி எல்லோரும் வாசல்காத்தாள் முன்னால் நின்றார்கள். அம்மாவின் கடிதத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அனுசுயாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. "எத்தனை வாரம்டி கேட்டுக்கிட்டே நிக்கிறது, நான் பாட்டுக்கு உள்ள போறேன், எனக்குப் பசிக்குது" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பகடை உருட்டச் சொல்லவில்லை. "உள்ளே தட்டு வைத்திருக்கிறது" என்றேன். அதற்கு மேல் கதையை மாதவன்தான் சொல்லி முடித்து வைத்தார்.

புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறோம். வாசல்காத்தாள். பலவீனம்: கேட்காமல் உள்ளே வருகிறவர்.

எந்த நாள், எந்த வண்டி என்று எழுதவில்லை. கேட்காமல்தானே வர வேண்டும்.

தேவி

*

பெருமாநல்லூர், நம் ஊட்டு உள் ரூம்
2.7.2008

கண்ணு தேவிக்கு, அப்பா.

நீ கட்டிலில் இருக்கிறாய், நான் ஸ்டூலில். நடுவில் ஃபேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறதா? தலையை ஆட்டினால் போதும்.

நீ வந்து நாலு நாளாகியும் நான் எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்து என் சத்தியத்தை எடுத்துவிடலாம் என்று பூசாரி சொன்னதாக உன் அம்மா சொல்கிறாள். அதுவரை பொறு. அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீ கேட்டைத் திறந்துகொண்டு வந்ததிலிருந்து அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். சத்தியத்தைக்கூட யோசித்துச் செய்ய வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. மாப்பிள்ளையுடன் பேசக் கூடாது என்று எனக்கு எதுவும் இல்லாததால், உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவம், அவர் ஓவர்லாக் மெஷினின் எல்லா பாகங்களையும் தெரிந்துகொண்டுவிட்டார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். கொடு. அம்பை ஒட்டியவன்தான் உரிக்க வேண்டும்.

(அதன் கீழே, தேவியின் கையெழுத்தில்)

இந்தாங்கப்பா. நகத்தால் உரிக்காதீர்கள், கிழியும்.

(அதன் கீழே, மறுபடி அப்பாவின் கையெழுத்தில்)

நகத்தால்தான் உரித்தேன். கிழிந்துவிட்டது. குறை என்று நீ எழுதியிருந்த இடம் முழுவதும் அம்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குறை இல்லாவிட்டால் ஆட்டம் நகராது என்பாய். இதற்கு மட்டும் இல்லாமலே இருக்கட்டும்.

உன் அம்மா தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது. பார்த்து எழுந்திரு.